பழைய பாக்கி

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். சொந்தப் பெரியம்மா இல்லை. கூடுவாஞ்சேரியில் அப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஏதாவது ஒரு முறையில் சொந்தம்தான். நந்திவரம் ஏரிப் பக்கம் எட்டே எட்டு வீடுகள் கொண்ட தெரு. மீதியெல்லாம் வயல். இன்றைக்கு அங்கே போய் வயல் எங்கே என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பெரியம்மா வீட்டில் ஒரு மர்ஃபி ரேடியோ. விடிந்ததும் பாட ஆரம்பித்தால், ராத்திரி பெரியப்பா செய்தி கேட்டு முடிக்கும்வரை ஓயாது. எந்தப் பாட்டு வந்தாலும் பெரியம்மா கூடவே முணுமுணுப்பார். தத்துவம், டப்பாங்குத்து, பக்தி, பேதமே கிடையாது. ஒரே ஒரு பாட்டைத் தவிர.

அது ஆரம்பித்தால் போதும். அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு ஓடி வருவார். டக்! ரேடியோ ஊமையாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போடுவார். கணக்கு தப்பவே தப்பாது. சரியாக அடுத்த பாட்டு ஆரம்பித்திருக்கும்.

'சொன்னது நீதானா'. படம், நெஞ்சில் ஓர் ஆலயம். வருஷம் 1962. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி மெட்டுப்போட்டு, பி.சுசீலா பாடியது. இந்தப் பாட்டைப் பிடிக்காது என்று சொன்ன இன்னொரு தமிழரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

"ஏன் பெரியம்மா, நல்ல பாட்டுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அழுகைப் பாட்டுடா. வெளக்கு வெக்கிற வீட்டுக்கு ஆகாது."

நம்பிவிட்டேன். பத்து வயசில் எதைத்தான் நம்ப மாட்டோம்? அதே படத்தில் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடும் 'நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்' இதற்குச் சற்றும் சளைக்காத அழுகைப் பாட்டு, அதைப் பெரியம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுசாகக் கேட்பார் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

படம் பார்க்காத இளவட்டங்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆஸ்பத்திரி. புற்றுநோயோடு வந்து சேர்கிறார் வேணு. அது முத்துராமன். கூடவே மனைவி சீதா. அது தேவிகா. ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் முரளியோ, சீதா ஒரு காலத்தில் காதலித்த ஆள். அது கல்யாண்குமார். அந்தக் காதல் கைகூடாமல் போய், அவள் வேறு ஒருவருக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள். இப்போது அந்தக் கழுத்தில் இருக்கும் தாலி, பழைய காதலனின் கையில் இருக்கும் கத்தியை நம்பித் தொங்குகிறது!

விஷயம் வேணுவுக்குத் தெரிந்துவிடுகிறது. சராசரிக் கணவன் என்றால் சட்டியை உடைத்திருப்பான். வேணு உத்தமர். ஆத்திரப்படவில்லை. ஒருவேளை நான் பிழைக்காவிட்டால் நீ அந்த டாக்டரையே கல்யாணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்லிவிடுகிறார். அதற்கு அவள் சொல்லும் பதில்தான் இந்தப் பாட்டு. சிதார் இசையோடு, ஆஸ்பத்திரி அறைக்குள்ளேயே. ஒளிப்பதிவாளர் வின்சென்ட்டின் கேமரா அந்தச் சின்ன அறைக்குள், கட்டிலுக்கு அடியிலெல்லாம் புகுந்து புறப்பட்டதை சினிமாக்காரர்கள் இன்னமும் சிலாகித்துப் பேசுவார்கள். மொத்தப் படமும் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள், சில வாரங்களில் எடுத்து முடிக்கப்பட்டது.

எழுதி இயக்கிய ஸ்ரீதர் நம்ம லைன்காரர். மதுராந்தகம் பக்கத்தில் சித்தாமூரில் 1933-ல் பிறந்து, செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் படித்தவர். 'சித்ராலயா' கோபு அங்கே அவருக்குப் பள்ளித் தோழர். கூடுவாஞ்சேரியில் பாசஞ்சர் ஏறினால் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள், ஆறாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு.

இந்த மனிதருக்கு ஒரு விஷயம் விடாமல் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்திருக்கிறது. பழைய காதல், புதுக் குடித்தனத்துக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? 1954-ல் அவர் கதை வசனம் எழுதிய 'எதிர்பாராதது' படத்தில், இறந்துபோனதாக நம்பப்பட்ட காதலன் திரும்பி வந்து பார்த்தால், காதலி அவனுடைய அப்பாவுக்கே மனைவியாக இருக்கிறாள். 1959-ல் முதன்முதலாக இயக்கிய 'கல்யாண பரிசு' படத்தில், தங்கை தன் காதலனை அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறாள். அந்தப் பழைய காதல் அக்காவின் சம்சாரத்தைக் கரையான் மாதிரி அரிக்கிறது. மூன்றாவது முறை, 1962-ல், ஆஸ்பத்திரி.

சரி, பாட்டுக்கு வருவோம். வரி வரியாக எடுத்து எழுதப் போவதில்லை. உங்களுக்கே மனப்பாடமாகத் தெரியும். ஒருமுறை மனசுக்குள் ஓடவிட்டுக்கொண்டு நான் சொல்வதைக் கவனியுங்கள்.

பெரும்பாலும் கேள்விகள். நீயா இப்படிச் சொன்னாய், உனக்கே இது சம்மதமா, ஏன், யார் என்று கேட்டுக்கொண்டே போகிறாள். நடுவில் ஒரு பட்டியல் வருகிறது. மாலை போட்டது யார், குங்குமம் வைத்தது யார், கடைசிவரை கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தது யார் என்கிற மாதிரி. இழவுக்கு ஏதோ பி.காம். படித்துத் தொலைத்ததால் எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் பேரேடுதான் ஞாபகம் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நீ, தேதி இது, சாட்சி இது என்று எதிராளியின் முன்னால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறாள்.

இன்னொன்று. பாட்டில் டாக்டர் கிடையாது. பழைய காதலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் அவனை மறந்துவிட்டேன் என்றுகூட அவள் சொல்லவில்லை. அவனைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். படத்தின் மொத்தச் சிக்கலும் அந்தப் பழைய காதல்தான். அதைத் தொடாமலே ஒரு முழுப் பாட்டு ஓடி முடிகிறது!

வழக்கமாக இதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் தெரியுமா? கற்புக்கரசியின் பாட்டு என்று. ஒருத்தனுக்கு மாலையிட்ட பிறகு இன்னொருவனை மனசாலும் நினைக்காத பத்தினி, ஐயோ இப்படிச் சொல்லிவிட்டாரே என்று உருகுகிறாள். பட்டிமன்றங்களில் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியவர்கள் உண்டு. எதிர்க்கட்சிக்காரர்களும் உண்டு. கணவன் பெருந்தன்மையாக மறுமணத்துக்கு வழி சொல்கிறான், இந்தப் பெண் பழைய பஞ்சாங்கத்தைப் பிடித்துத் தொங்குகிறாளே என்பது அவர்கள் கட்சி. பாட்டின் பிற்பகுதியில் வரும் பூ உவமையைப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் ஆதாரம் கிடைக்கும். மறுக்கவில்லை.

ஆனால் வேணுவின் யோசனையில் அப்படி என்ன புரட்சி? இந்து விதவைகளின் மறுமணத்தைச் சட்டம் அனுமதித்தது 1856-ல். இந்தப் படத்துக்கு நூற்று ஆறு வருஷம் முன்பு. விவாகரத்துக்கு மதராஸ் மாகாணத்தில் 1949-ல் தனிச் சட்டமே வந்தது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுக்க வந்தது. இதையெல்லாம்விட, நம்ம செங்கல்பட்டிலேயே 1929 பிப்ரவரியில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை, விதவைக்கு மறுமண உரிமை, பிடிக்காத துணையை விட்டு விலகும் உரிமை என்று வரிசையாகத் தீர்மானம் போட்டாயிற்று. ஸ்ரீதர் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால், அவர் பள்ளிக்கூடம் போன அதே ஊரில்.

அந்த மாநாட்டில் கேட்டது, பெண் தானே முடிவெடுக்கும் உரிமை. வேணு செய்வது என்ன? அவரே முடிவு செய்கிறார். ஆளையும் அவரே பார்த்துவிட்டார். கையில் இருக்கும் செக்கைத் திருப்பி, பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, இன்னொருத்தர் பெயருக்கு மாற்றிக் கொடுப்போமே, எண்டார்ஸ்மென்ட், அதேதான். செக்கைக் கேட்டுவிட்டா மாற்றுகிறோம்?

அந்த இடத்தில்தான் அவளுக்குச் சுருக்கென்று தைக்கிறது என்பது என் கட்சி. நீ இவ்வளவு பேசினாயே, எல்லாம் பேசியவன் நீதானே, இப்போது இதையும் சொல்வது நீதானா என்று நிற்கவைத்துக் கேட்கிறாள். சுசீலா அம்மாவின் குரலில் தேன் வழிவதால் அது நமக்குக் கெஞ்சலாகக் கேட்கிறது. வார்த்தைகளை மட்டும் காகிதத்தில் எழுதிப் படித்துப் பாருங்கள். குறுக்கு விசாரணை!

இந்தப் பாட்டு பிறந்ததைப் பற்றியே கோடம்பாக்கத்தில் ஒரு கதை உலவுகிறது. கண்ணதாசன் நேரத்துக்கு வரவில்லை என்று விஸ்வநாதன் கோபத்தில் ஏதோ சொல்லிவிட, அது கவிஞர் காதுக்குப் போய், அவர் வந்து நண்பரைப் பார்த்து இப்படிக் கேட்டாராம். அதுவே பல்லவியாகிவிட்டதாம். சினிமாக் கதைகளுக்குக் காலும் முளைக்கும், கையும் முளைக்கும். ஆனாலும் அந்தப் பல்லவியைக் கோபித்துக்கொண்ட ஒரு மனிதரின் வாயில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே, கதை கட்டியவருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது.

பெரியம்மாவுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். காலேஜ் முடித்து நான் வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் பேச்சுவாக்கில் என் அம்மாதான் விஷயத்தைச் சொன்னார்.

பெரியப்பாவுக்கு முன்னால் பெரியம்மாவுக்கு ஒரு இடம் பார்த்துப் பூ வைத்து முடித்திருந்தார்கள். பையன் செங்கல்பட்டு. நாலைந்து மாசம் பேச்சுவார்த்தை. அதற்குள் பெரியம்மா மனசால் அந்த வீட்டு மருமகளாகவே ஆகிவிட்டிருந்தார். கடைசி நேரத்தில் ஒரு வாட்ச், ஒரு மோதிரத் தகராறு. கல்யாணம் நின்றுபோனது. மூன்று மாசம் சரியாகச் சாப்பிடவில்லையாம். அடுத்த வருஷம் பெரியப்பாவோடு கல்யாணம்.

புதுசாகக் கல்யாணமானவர்கள், செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்க்கப் போகிறார்கள். திரும்பி வரும்போது ரயிலில் பெரியப்பா சிரித்துக்கொண்டே கேட்டாராம், "உனக்கும் இந்த மாதிரி எவனாச்சும் டாக்டர் இருந்தானா?"

பெரியம்மா சொல்லிவிட்டார். படத்தில் கணவன் அவ்வளவு பெருந்தன்மையாக இருந்தானே, இவரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார் போல. டாக்டரெல்லாம் இல்லை, இப்படி ஒரு இடம் நின்னுபோச்சு, கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு, அவ்வளவுதான். ஊரப்பாக்கமோ வண்டலூரோ வருவதற்குள், இல்லை இல்லை, அது கூடுவாஞ்சேரி தாண்டி... அவர்கள் கூடுவாஞ்சேரியிலேயே இறங்கியிருப்பார்களே! எப்படியோ, ஆறு ஸ்டேஷனுக்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், "அவனையே கட்டியிருக்கலாமே." பிறந்த வீட்டுக்குப் போய் ஒருநாள் தாமதமாக வந்தால், "செங்கல்பட்டு வழியா வந்தியோ?" அடிக்க மாட்டார். குடிக்க மாட்டார். நல்ல மனுஷர். என் பரீட்சை ஃபீஸையே ஒருமுறை கட்டியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விடவில்லை.

வேணு சாகக் கிடக்கும்போது அன்பாகச் சொன்னதும், பெரியப்பா கல்லுக்குண்டாக இருக்கும்போது குத்தலாகச் சொன்னதும், சாரத்தில் ஒன்றேதான் இல்லையா? அவனிடமே போ. அதனால்தான் ஊரெல்லாம் தியாகம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த இடத்தில் ஒருத்திக்கு மட்டும் ஈரக் கையோடு ஓடி வரத் தோன்றியிருக்கிறது.

காயம்பட்ட காது பாட்டை எப்படி மாற்றிக் கேட்கும் என்பதற்குத் தமிழில் வெகு பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி. இந்திர விழா முடிந்து புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதவி யாழைச் சரிபார்த்து அவனிடம் நீட்டுகிறாள். அவன் காவிரியைப் பாடுகிறான். சோழன் கங்கையோடு கூடினாலும் காவிரி ஊடாமல் இருப்பதுதான் அவளுடைய சிறப்பு என்கிற பொருளில். ஆற்றைப் பற்றிய பாட்டுதான். ஆனால், ஏற்கெனவே கட்டிய மனைவியை விட்டு வந்தவன் இப்படிப் பாடினால் ஒரு பெண் எப்படி எடுத்துக்கொள்வாள்? இவன் மனசில் வேறு யாரோ இருக்கிறாள் என்று மாதவி முடிவு கட்டுகிறாள். யாழை வாங்கி, தனக்கும் வேறொரு நினைப்பு இருப்பதுபோலப் பதில் பாட்டுப் பாடுகிறாள். கோவலன் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான்.

அத்தோடு விட்டதா? நேராகக் கண்ணகியிடம் போகிறான். பரம்பரைச் செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் திட்டவில்லை. லேசாகச் சிரித்து, காற்சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வந்து நிற்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டதாக இந்த இடத்துக்குப் பொருள் சொல்வதுண்டு. மனந்திருந்தி வந்தவனின் வார்த்தையைக்கூடப் பழைய வலியின் வழியாகத்தான் அவளால் கேட்க முடிகிறது. மதுரை எரிந்ததற்குக் காரணம் பொற்கொல்லனா, பாண்டியனா என்று கேட்பார்கள். இளங்கோவடிகள் ஊழ்வினை என்கிறார். நான் அந்தக் கடற்கரைப் பாட்டுக் கச்சேரியையும் குற்றப் பத்திரிகையில் சேர்ப்பேன்.

இவர்கள் யாருமே உள்ளே இருப்பதை நேரடியாகச் சொல்லவில்லையே, போட்டு உடைத்துச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் ஒருவர் உடைத்தே பாடிப் பார்த்தார்.

ஹாங்க் வில்லியம்ஸ். அலபாமாவில் 1923-ல் பிறந்த கிராமியப் பாடகர். அவர் மனைவி ஆட்ரிக்கு இது முதல் கல்யாணம் இல்லை. ஏற்கெனவே மணமாகி, ஒரு மகளோடு வந்தவர். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருமுறை ஆஸ்பத்திரியில் இருந்த ஆட்ரியைப் பார்க்க இவர் பரிசுப் பொருள்களோடு போக, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், வீட்டுக்கு வந்து அவளுடைய இதயம் சில்லிட்டுப் போயிருக்கிறது என்று புலம்பியதுதான் பாட்டானது என்றும் சொல்வார்கள். (இங்கேயும் ஆஸ்பத்திரி!) 'கோல்ட் கோல்ட் ஹார்ட்' என்கிற அந்தப் பாட்டு 1951-ல் வெளிவந்து கிராமிய இசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதே வருஷம் டோனி பென்னட் என்கிற நகரத்துப் பாடகர் வாத்திய கோஷ்டியோடு பாடி, அந்தப் பக்கத்துப் பட்டியலிலும் முதலிடம். ஏனய்யா என் பாட்டைக் கெடுத்தாய் என்று ஹாங்க் போன் போட்டுக் கலாய்த்ததை பென்னட் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 2002-ல்கூட நோரா ஜோன்ஸ் தன் முதல் ஆல்பத்தில் அதைப் பாடினார். நம்ம பண்டிட் ரவிசங்கரின் மகள்தான்.

அந்தப் பாட்டில் ஒளிவு மறைவே கிடையாது. நான் எவ்வளவோ அன்பு காட்டியும் எல்லாவற்றையும் தந்திரம் என்றே நீ நினைக்கிறாய். எனக்கு முன்னால் எவனோ உன்னை நோகடித்தான். அவன் செய்த தப்புக்கு நான் விலை கொடுக்கிறேன். பாட்டின் சாரம் இவ்வளவுதான். கணக்குப் பாஷையில் சொன்னால், போன வருஷத்து முடிவிருப்பு இந்த வருஷத்து ஆரம்ப இருப்பாக வந்து நிற்கிறது. பழைய கடைக்காரர் வைத்துவிட்டுப் போன பாக்கியைப் புதுக் கடைக்காரரிடம் வசூலிக்கிறார்கள்.

நியாயமான புகார் போலத்தானே தெரிகிறது? ஆனால் பாட்டு முழுக்க ஹாங்க்கின் குரல்தான். ஆட்ரியின் தரப்பு என்று ஒரு வரி கிடையாது. எனக்கு முன்னால் வந்தவன் மட்டும்தான் காரணமா, ஹாங்க்கின் குடி காரணம் இல்லையா? அவர் குடியைப் பற்றி ஊருக்கே தெரியும். இதயம் முன்பே உறைந்துபோய் வந்ததா, இவர் வீட்டுக்கு வந்த பிறகு உறைந்ததா? பழைய பாக்கி என்று ஒன்றைக் காட்டிவிட்டால் புதுக் கடன் எதுவும் கண்ணில் படாது, பார்த்தீர்களா. 1952-ல் இருவருக்கும் விவாகரத்து. 1953 ஜனவரி 1-ம் தேதி, கச்சேரிக்குப் போகும் வழியில், காடிலாக் காரின் பின் சீட்டில் இறந்துகிடந்தார் ஹாங்க். வயது 29.

நம் ஊரில் இதே சங்கதி மறுபடி பெரிதாகப் பேசப்பட்டது 1986-ல். மௌன ராகம். இந்த முறை கேள்வி கேட்பது கணவனின் தரப்பு. வாலி எழுதி, இளையராஜா இசையில், எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய 'மன்றம் வந்த தென்றலுக்கு'. வீடுவரை வந்தவள் ஏன் விலகியே நிற்கிறாள், தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் வாழ்வதற்கு எதற்கு ஒரு கல்யாணம் என்று அதுவும் கேட்டுக்கொண்டேதான் போகிறது. அதிலும் பழைய காதலனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. செத்துப்போன மனோகரின் கதையைத் திவ்யா தன் வாயாலேயே சந்திரகுமாரிடம் சொல்லிவிடுகிறாள். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதை எடுத்து அவள்மேல் எறிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணிரத்னம் 'திவ்யா' என்ற பெயரில் முதலில் எழுதிய கதையில் கார்த்திக்கின் பாத்திரமே கிடையாது. முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிக்கொண்டு முதல் ராத்திரியில் திகைத்து நிற்கும் பெண், அவ்வளவுதான். புருஷனைப் பிடிக்காமல் போவதற்கு ஒரு பலமான காரணம் வேண்டும் என்று ஜனங்கள் கேட்பார்களே என்றுதான் காதலன் பிறகு வந்து சேர்ந்தான். அதாவது, மனசு உடைந்த கதையே பிற்சேர்க்கை! கார்த்திக் இல்லாத கதையில் வைத்துப் பார்த்தாலும் அந்தப் பாட்டில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியிருக்காது. முன்கதை எதுவுமே இல்லாமல் விலகிப் படுக்கிற தம்பதிகளுக்கும் அது பொருந்திப் போவது இதனால்தான்.

படத்தில் இவர்கள் விவாகரத்துக்குப் போய் நிற்கும்போது வக்கீல் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்கிறார். இந்து திருமணச் சட்டம், பதினாலாவது பிரிவு. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் பொதுவாக விவாகரத்து மனுவே போட முடியாது. எதற்கெடுத்தாலும் சட்டத்தைத் திட்டுகிறோம். திவ்யாவுக்கும் சந்திரகுமாருக்கும் அதுதான் பிள்ளையார் சுழி போட்டது. அந்த ஒரு வருஷத்தில் அவன் பழையதைக் கிளறாமல் சும்மா இருந்தான். அவன் செய்தது மொத்தத்தில் அவ்வளவுதான்.

மௌன ராகத்தை டி.வி.யில் போட்டபோது எங்கள் தெருவே பெரியப்பா வீட்டில்தான் உட்கார்ந்திருந்தது. பாதிப் படத்தில் பெரியப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இவனெல்லாம் ஒரு ஆம்பளை. நாலு கேள்வி நறுக்குனு கேக்க வேணாம்?" எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா சிரித்தாரா என்று நான் கவனிக்கவில்லை. அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

பெரியப்பா போய்ச் சேர்ந்து இரண்டு, மூன்று வருஷம் இருக்கும். பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மர்ஃபி ரேடியோ ஒரு மூலையில், துணி போட்டு மூடி, மேலே மாத்திரை டப்பா. என் செல்போனில் எல்லாப் பாட்டும் வரும் என்று சொன்னதும் அவருக்கு ஆச்சரியம்.

"எல்லாப் பாட்டுமா?"

"எல்லாப் பாட்டும் பெரியம்மா. என்ன வேணும், சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். பிறகு அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னார்.

போட்டேன். போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி முழுசாகக் கேட்டார். அழுவார் என்று நினைத்து நான்தான் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தேன். அழவில்லை.

"இத்தனை கேள்வி கேக்குறாளே, ஒண்ணுக்காவது அவன் பதில் சொன்னானா பாரு."

"பாட்டு முடிஞ்சப்புறம் சொல்றானோ என்னமோ பெரியம்மா. படம் பார்த்தாதான் தெரியும்."

"நான்தான் பார்த்தேனே. செங்கல்பட்டுல, அவரோடதான பார்த்தேன். இந்தப் பாட்டு பாதி ஓடுறப்போ எந்திரிச்சு முறுக்கு வாங்கப் போயிட்டாரு."

இன்னொரு தடவை போடச் சொன்னார்.